டேங்க் காயும் வரை

எங்கள் வீட்டில் டேங்க் காய்கிற நாட்களில் யாரும் குளிக்கக் கூடாது.

டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை. என் சுண்டுவிரல் நீளம்கூட வராத பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க். அசல் வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்கிற குட்டி மோட்டார் சைக்கிளின் மேல் உட்காரப் போவது. அதற்குப் பெயின்ட் அடித்தால் தூசியே இல்லாத இடத்தில் காயவைக்க வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட இடம் குளியலறை ஒன்றுதான் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தான். வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினால் ஆவி எழும்பும். காற்றில் மிதக்கிற தூசியெல்லாம் நனைந்து தரையில் படியும். ஆவி அடங்கியதும் டேங்க்கை ஒரு குச்சியில் செருகி உள்ளே நிறுத்தி, மேலே ஒரு சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். மறுநாள் காலைவரை அந்தக் கதவு கோயில் கதவு மாதிரி.

"ஊரான் போர்வையை எல்லாம் துவைச்சுட்டு வரேன். என் உடம்பைத் துவைக்க வழியில்ல" என்பாள் அம்மா. அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. சோப்பு நாற்றத்தோடு வருவாள், சோப்பு நாற்றத்தோடு போவாள்.

"ஒரு நாள்தானேம்மா" என்பான் அண்ணன்.

"ஒரு நாள் ஒரு நாள்னுதான்டா என் தலையில பேன் குடும்பம் நடத்துது."

சொல்வாளே தவிர, கதவைத் திறக்க மாட்டாள். ஜன்னலையும் திறக்க மாட்டாள். பெயின்ட் அடிக்கும்போது ஜன்னல் திறந்தால் தூசி, ஃபேன் போட்டால் தூசி, போர்வையை உதறினால் தூசி. நான் தலை வாருவதுகூட வெளியே படிக்கட்டில் போய்த்தான். ஒரு முடி பறந்து வந்து ஈரப் பெயின்டில் உட்கார்ந்தால், அந்த அளவில் அது சாலையில் விழுந்து கிடக்கும் கயிறு மாதிரி தெரியும் என்பான் அண்ணன். அது உண்மைதான். பூதக்கண்ணாடியில் நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் முன்பு பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். சிவப்பு டேங்க்கில் வெள்ளைக் கோடு போட்ட வண்டி. அவன் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஒருநாள் சத்தம் வரவில்லை. ஒரு லாரி அவனைப் பார்க்காமல் திரும்பியிருந்தது. காலில் கம்பி வைத்தார்கள். வண்டி விளக்கின் கண்ணாடித் துண்டு வலது கட்டைவிரலைக் குறுக்கே அறுத்திருந்தது. அதையும் தைத்து ஒட்டவைத்தார்கள். விரல் இருக்கிறது, உணர்ச்சி போய்விட்டது. சூடான டம்ளரை அந்த விரலால் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருப்பான். விருந்தாளிகள் வந்தால் அதை வித்தை மாதிரி காட்டுவான்.

அப்போது நான் பதினோராம் வகுப்பில் பாதியில் இருந்தேன். அம்மாவுக்கு லீவு கிடையாது. "ஒரு வாரம் நீ பாத்துக்கடி" என்றாள். கட்டில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், தண்ணீர் கொடுக்க, மாத்திரை கொடுக்க, பிடித்து எழுப்ப. வாரம் மாதமானது. பள்ளியிலிருந்து முதலில் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. அண்ணன் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த சமயத்தில் என் வகுப்பு முழுவதும் பரீட்சை எழுதி முடித்து எங்கெங்கோ போயிருந்தது.

அவனோடு வேலை பார்த்த ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேலியாக ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். "இனிமே உனக்கு இதுதான்டா பைக். விழுந்தாலும் அடிபடாது." பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டங்களில் காய்த்துத் தொங்குகிற மாதிரி எஞ்சின், சக்கரம், சைலன்சர், பிரேக் எல்லாம் துண்டு துண்டாக. வெட்டி எடுத்து, வெட்டிய இடத்து மருவை உரசி, பெயின்ட் அடித்து, ஒட்டிக் கட்ட வேண்டும். உணர்ச்சியில்லாத கட்டைவிரலால் அண்ணனால் ஒரு திருகாணியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நழுவி நழுவிப் போனது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு நானே பொருத்தினேன். பிறகு எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவான். "இன்னும் கொஞ்சம் இடது. பசை ஜாஸ்தி. துடை. ம், அப்படியே பிடி. மூச்சு விடாதே."

தன்னைவிடப் பெரியதைத் தூக்குவதால் எறும்புக்குப் பேர். நான் தூக்குவதெல்லாம் என்னைவிடச் சின்னது. ஆனாலும் அண்ணன் எனக்கு வைத்த பேர் எறும்பு.

அவனுக்குப் பெட்டிகள் வாங்கும் பைத்தியம் அப்போதுதான் பிடித்தது. கட்டுவது ஆமை, வாங்குவது முயல். அம்மாவின் பாத்திரங்கள் கண்ணாடி அலமாரியிலிருந்து கட்டிலுக்கு அடியில் போயின, அலமாரியில் பைக்குகள் வரிசையாக நின்றன. கட்டாத பெட்டிகள் பீரோ மேல், கதவுக்குப் பின்னால், ஜன்னலை மறைத்து. வெயில் பட்டால் பெட்டியின் படம் வெளிறிவிடும் என்று அந்த ஜன்னலுக்குக் கனமான துணி வேறு. என் கட்டிலின் கால்மாட்டிலும் பெட்டிகள் ஏறிவிட்டன. முழங்காலை மடக்கித்தான் தூங்குவேன்.

எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் பல்லக்கா ஒருமுறை அந்தப் பெட்டி மலையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதையெல்லாம் முடிக்க உனக்கு இன்னொரு ஜென்மம் வேணும்" என்றாள்.

"அதுக்குத்தான் எறும்பு இருக்கே" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி கட்டாத பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

பல்லக்காவுக்கு அந்தப் பேர் அவள் வேலையால் வந்தது. பல் வைத்தியர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறாள். மெழுகில் பல்லைச் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, நிஜப் பல் மாதிரி நிறம் சேர்த்து அனுப்புவார்கள். அங்கே தேய்ந்துபோன குட்டித் துளைப்பான்களையும் கொக்கி ஊசிகளையும் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அவற்றால்தான் நான் பைக்கின் சைலன்சர் வாயைக் குடைவேன், பிரேக் ஒயருக்கு ஓட்டை போடுவேன்.

ஒருநாள் நான் செயினுக்குக் கறுப்பு இழுத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஜோசியம் பார்க்கிற மாதிரி.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு இங்க என்னடி பண்ற?"

"செயின்" என்றேன்.

"அது தெரியுது. எங்க கூடத்துல மெழுகு வேலை பாக்கிற பொண்ணு பிள்ளை பெத்துக்கப் போறா. அந்த நாற்காலி காலி. முதலாளியம்மாகிட்ட நான் சொல்றேன். படிப்பு கேக்க மாட்டாங்க, கையைத்தான் கேப்பாங்க. மாசம் பொறந்ததும் முதல் திங்கக்கிழமை காலையில நீ அங்க நிக்கணும். நிக்கலேன்னா வேற ஒருத்தியை உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

எனக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. கடையில்கூட நான் நிற்கும் இடத்தைக் கடைக்காரர் பார்க்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். அன்றைக்கு எப்படியோ அண்ணனிடம் கேட்டுவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையிலிருந்த உரசுதாளைப் பார்த்துக் கேட்டேன்.

"நல்ல விஷயம்தானே. சந்தோஷமாப் போ" என்றான். உடனே சொல்லிவிட்டான். எனக்கு நம்ப முடியவில்லை. "சிவப்பை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

சிவப்பு என்பது அவன் ஓட்டிய அதே வண்டி. அந்தப் பெட்டியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எங்கோ ஒரு சேகரிப்பாளரிடம் மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கியிருந்தான். எஞ்சின், சட்டம், சக்கரம், இருக்கை எல்லாம் கட்டியாகிவிட்டது. மேஜையில் டேங்க் இல்லாமல் நின்றது, தலையில்லாத ஆட்டுக்குட்டி மாதிரி. பாக்கி டேங்க் ஒன்றுதான். பெயின்ட், வெள்ளைக் கோடு, மேலே பளபளப்புக்குக் கிளியர். கிளியர் என்பது நிறமில்லாத வார்னிஷ், அதுதான் கடைசி வேலை. அது அடித்துவிட்டால் வண்டி முடிந்தது.

"அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை முடிச்சுட்டுப் போ" என்றாள் அம்மாவும். மாதம் பிறக்க நிறைய நாள் இருந்தது. நான் சரி என்றேன்.

முதல் முறை சிவப்பு அடித்து, ஆவி பிடித்து, டப்பா கவிழ்த்துக் கதவைச் சாத்தினேன். மத்தியானம் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். மறுநாள் டப்பாவைத் தூக்கினால் டேங்க்கின் மேல், நடு முதுகில், ஒரு விரல் பதிந்திருந்தது. பெயின்ட் பாதி காய்ந்து பிசுபிசுப்பாக இருந்த நேரத்தில் யாரோ தொட்டிருந்தார்கள். ரேகை வளைந்து வளைந்து அப்படியே இறுகியிருந்தது.

"எறும்பே, தொட்டியா?"

"இல்லண்ணா."

"காஞ்சிடுச்சான்னு பாத்திருப்ப."

இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த அரிப்பு உண்டு. ஈரப் பெயின்டைப் பார்த்தால் விரல் துடிக்கும். காய்ந்துவிட்டதா, லேசாக ஒரு தடவை, ஓரத்தில். எனக்கும் உண்டு. முன்பு ஒரு நீல வண்டியின் மட்கார்டை நான் அப்படித் தொட்டுக் கெடுத்திருக்கிறேன். இந்த முறை தொடவில்லை. ஆனால் டப்பாவைக் கவிழ்க்கும்போது குச்சி சாய்ந்ததே, அப்போது பிடித்தேனோ? அண்ணன் சொல்லச் சொல்ல என் விரல் மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

"பரவால்ல, விடு. பிரேக் ஆயில்ல போடு" என்றான். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நிஜ வண்டிகளுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உரசி, அடிப்பூச்சு அடித்து, காயவைத்து, திரும்ப உரசி. ஒரு வாரம் போய்விடும். போனது.

இரண்டாவது முறை டப்பாவுக்கு மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். அன்று சந்தைக்குப் போய்வர வேண்டியிருந்தது. போய் வந்தேன். மறுநாள் செங்கல் வைத்தபடியே இருந்தது. டேங்க்கில் விரல் பதிந்திருந்தது, அதே இடத்தில்.

இந்த முறை அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "உனக்குப் போற அவசரம்டி. மனசு அங்க இருக்கு, கை இங்க இருக்கு. அதான்" என்று மெல்லிய குரலில் சொன்னான். பிரேக் ஆயில் புட்டியை அவனே எடுத்து வைத்தான்.

அம்மா ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவள் அந்த வாரம் குளிக்கவே இல்லை. "ஏண்டி, அது என்ன அவ்வளவு கஷ்டமா? தொடாம இருக்கிறதுக்குப் படிப்பா வேணும்?"

"நான் தொடலம்மா."

"அப்போ பேய் வந்து தொட்டுச்சா? குளிக்க வந்த பேயா? அதுவாவது குளிச்சுட்டுப் போகட்டும்."

அண்ணன் சிரித்தான். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். எங்கள் வீட்டில் தனியாக நிற்க வேண்டுமென்றால் அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் உண்டு. அங்கே நின்று என் பத்து விரல்களையும் பார்த்தேன். இவற்றை நம்பி யாராவது பல் செய்யக் கொடுப்பார்களா? ஈரமாக இருப்பதைத் தொடாமல் இருக்கத் தெரியாத கை. அண்ணனுக்கும் நான் தொட்டது தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியென்றால் நான் எப்படிப்பட்டவள்?

பல்லக்கா படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "என்ன பொண்ணே, வர்ற திங்கக்கிழமைதான். ஞாபகம் இருக்குல்ல?"

"டேங்க் முடியணும்க்கா."

"எந்த டேங்க்?"

சொன்னேன். விரல் பதிவதையும் சொன்னேன். யாரிடமும் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவள் கைப்பையைத் துழாவி ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்தாள். வேலைக்கூடத்தில் போடுவது, தோல் மாதிரி மெல்லிசு. "இதைப் போட்டுக்கிட்டு அடி. கழட்டவே கழட்டாதே. அப்போ உன் விரலா பேயோட விரலான்னு தெரிஞ்சுடும்."

மூன்றாவது முறைக்காக டேங்க்கைக் கழுவியபோதே ஒன்றைக் கவனித்தேன். ஆயிலில் திரும்பத் திரும்ப ஊறியதில் பிளாஸ்டிக் வறண்டுபோயிருந்தது. இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில் முடி மாதிரி ஒரு கீறல். மூடியைச் சுற்றியிருந்த குட்டித் திருகாணித் தலைகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. அண்ணனிடம் காட்டினேன். "இன்னொரு தடவை ஆயில்ல போட்டா தாங்காதுண்ணா. விட்டுடும்." அவன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ம்" என்றான்.

கையுறை போட்டுக்கொண்டு அடித்தேன். சிவப்பு அவ்வளவு சமமாக விழுந்தது இல்லை. ஆவி பிடித்தேன், நிறுத்தினேன், கவிழ்த்தேன், செங்கல் வைத்தேன். கையுறையோடே பாத்திரம் தேய்த்தேன், கையுறையோடே சாப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எனக்குக் கொஞ்சம் தலைவலி, பாருங்களேன்" என்றாள். கை உள்ளே வெந்து வெள்ளையாகச் சுருங்கிவிட்டது. சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. கையுறையோடே போனேன்.

காலையில் டப்பாவைத் தூக்கினேன். விரல் பதிந்திருந்தது.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, டேங்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது. ரேகைகள் வயலில் உழுத சால் மாதிரி வளைந்து ஓடின. ஓடிக்கொண்டே இருந்தவை ஒரு இடத்தில் அறுந்தன. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சால்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, தையல் பிசகிய துணி மாதிரி.

குளிக்காத குளியலறையின் ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

காய்ந்ததா என்று பார்ப்பதற்குத் தொட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எல்லோருக்கும் உள்ள அரிப்புத்தான். ஆனால் அண்ணனுக்கு அந்தத் தைத்த கட்டைவிரலில் ஈரமும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. காய்ந்ததா என்று பார்க்க அவன் வேறு எந்த விரலை வேண்டுமானாலும் வைத்திருப்பான். வலிக்காத விரலை வைத்திருக்கிறான். நான் மாடியிலோ சந்தையிலோ இருக்கும்போது, கோலை ஊன்றி நடந்து வந்து, செங்கல்லை எடுத்து, டப்பாவைத் தூக்கி, விரலை வைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காலோடு குனிவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எழுப்பி உட்கார வைக்கிறவள் நான்.

வெளியே வந்தேன். அவன் மேஜையில் இருந்தான். பிரேக் ஆயில் புட்டி ஏற்கெனவே மேஜையில் இருந்தது. நான் இன்னும் எதையும் காட்டவே இல்லை.

"என்னாச்சு?" என்றான், புட்டியைப் பார்த்துக்கொண்டே.

டேங்க்கை அவன் முன்னால் வைத்தேன். அவன் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், தழும்புக்குள், சிவப்பு இருந்தது. கழுவியிருக்கிறான். உணர்ச்சியில்லாத இடம், ஒட்டியிருப்பது தெரியவில்லை. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

அம்மா கிளம்பும் அவசரத்தில் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆயில்ல போடு எறும்பே" என்றான் அண்ணன். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"போட்டா உடைஞ்சிடும்ணா."

"போடு."

"வேற டேங்க் கிடைக்காது. நீதானே சொன்ன."

"நான் சொல்றேன்ல, போடு."

தன் வண்டியே போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறான். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இந்த மனிதன் ஒரு காலத்தில் ஊர் முழுவதும் சுற்றியவன். இப்போது கதவுக்கு வெளியே ஒரு படி இறங்குவதில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் நடக்கிற தூரம் மேஜையிலிருந்து குளியலறை வரைக்கும்தான். அதுவும் இதற்காக.

நான் அலமாரியைத் திறந்து வெள்ளைக் கோட்டு ஸ்டிக்கரைத் தண்ணீரில் நனைத்தேன். தாளிலிருந்து நழுவ ஆரம்பித்ததும் டேங்க்கின் இரண்டு பக்கமும் ஒட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டேன், ஸ்டிக்கருக்கு வெறும் விரல்தான் சரி. ஒட்டி, ஒற்றி எடுத்து, காய்வதற்கு வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தடுப்பான் என்று நினைத்தேன்.

ஸ்டிக்கர் காய்ந்ததும் கிளியர் ஸ்பிரே டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே கலக்குவதற்குப் போட்டிருக்கும் குண்டு கடகடவென்று ஓடியது.

"ஏய், என்ன பண்ற? ரேகை மேலேயேவா அடிக்கிற?"

"ஆமா."

"அசிங்கமாத் தெரியும். அப்படியே நின்னுடும்டி. அப்புறம் எடுக்கவே முடியாது!"

"உன் வண்டிதானேண்ணா" என்றேன். "உன் கை இருந்துட்டுப் போகட்டும்."

அம்மா சீப்போடு நிமிர்ந்தாள். "என்னடி சொல்ற? எவன் கை?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிடுவேனோ என்று அவன் கண் கேட்டது. அப்பா இருந்த காலத்தில், சின்ன வயதில், நான் அவர் குடையை உடைத்துவிட்டு அவனை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"பேயோட கைம்மா" என்றேன். "நீ குளிக்கப் போ. இனிமே பெயின்ட் கிடையாது."

அடித்தேன். முதல் பூச்சு பனி மாதிரி, அடுத்தது கொஞ்சம் ஈரமாக. கிளியர் விழ விழ சிவப்பு ஆழமானது. ரேகை அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது, கண்ணாடித் தண்ணீருக்குள் கிடக்கும் கல் மாதிரி. குளியலறையில் அம்மா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவ்வளவு ஆசையாக யாரும் குளித்து நான் கேட்டதில்லை. டேங்க்கை மேஜை மேலேயே டப்பா போட்டு மூடினேன். தூசி விழுந்தால் விழட்டும்.

ஞாயிற்றுக்கிழமை டேங்க்கை வண்டியில் பொருத்தினோம். பின்பக்கத்துக் கொக்கியை முதலில் மாட்டி, முன்பக்கத்தை அழுத்த வேண்டும். அழுத்தும்போது சட்டத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பிடித்தான். 'டிக்' என்று உட்கார்ந்தது. அலமாரியில் நடுத்தட்டில் அவனே கொண்டுபோய் வைத்தான். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால்தான் ரேகை தெரிகிறது. அவன் அந்தப் பக்கமாகவே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"ம்."

"வாயால சொல்லுண்ணா."

அவன் அலமாரியின் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். "முடிஞ்சுது" என்றான். பிறகு, "மாத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

எங்கே என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காட்டினேன்.

திங்கட்கிழமை அம்மா எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவள் போகும்போது என் தலையில் கை வைத்தாள். அண்ணன் போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை. தூங்குபவன் அவ்வளவு அசையாமல் இருக்க மாட்டான்.

"வரேண்ணா."

ஒரு நிமிடம் நின்றேன். அவன் தண்ணீர் கேட்டிருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தால் பிறகு டீ. அதன் பிறகு என்னவோ. கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

கடைசிப் படிக்கட்டில் பார்சல்காரர் ஒருவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பி முகவரி படித்தார். அந்த அளவுப் பெட்டியை நான் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வேன். அண்ணன் எப்போது வாங்கினான் என்று தெரியவில்லை. டேங்க் ஆயிலில் ஊறிய வாரத்திலாக இருக்கலாம்.

"ஏம்மா, முதல் மாடி, இந்த வீடு யாரோடது?"

"எங்களுதுதான்."

"அப்பாடா." பெட்டியை என் பக்கம் நீட்டினார். "நீங்களே வாங்கிக்கங்க. காலையிலிருந்து மாடி மாடியா ஏறி முட்டி கழண்டுடுச்சு. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பெட்டியின் ஒரு மூலை என் கையில் பட்டது. கனமே இல்லை. இவை எப்போதும் கனமே இருக்காது. வாங்கிக்கொண்டு மேலே போய்க் கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "பிரிச்சுப் பாரு எறும்பே" என்பான். "எஞ்சினை மட்டும் பாத்துட்டுப் போயேன்" என்பான். பாவமாகக்கூடச் சொல்ல மாட்டான், சந்தோஷமாகச் சொல்வான்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"மேல ஆள் இருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்க கதவைத் தட்டுங்க. எந்திரிச்சு வரக் கொஞ்சம் நேரமாகும். வந்துடுவாங்க. போயிடாதீங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு ஏறினார். நான் படிக்கட்டின் கீழே நின்றேன். போயிருக்க வேண்டும். பேருந்து நிற்காது.

மேலே கதவைத் தட்டும் சத்தம். திரும்பவும் தட்டினார். "யாருங்க உள்ள?" என்றார்.

"எறும்பே!" என்று ஒரு குரல், சுவர்களுக்கு அப்பால், பழக்கத்தில் கூப்பிட்டது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கட்டில் கிரீச்சென்றது. கோல் தரையில் பட்டது. கொஞ்ச இடைவெளி. திரும்பவும் பட்டது. மேஜையைத் தாண்டிவிட்டான். குளியலறைப் பக்கம் திரும்பவில்லை, நேராக வந்துகொண்டிருந்தது சத்தம்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நான் தெருவில் இறங்கினேன். பல்லக்கா நிறுத்தத்தில் நின்று, பேருந்தின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, ஓட்டுநரை வாயாலேயே பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஓடி வாடி! என்ன, ஊர்வலமா வர்ற?"

ஓடினேன். ஓடி எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை. இத்தனை நாள் பெட்டிகளுக்காக மடங்கியே தூங்கிய முழங்கால் நிமிர மறுத்தது.